எக்ஸில் முடியும் சொற்கள்

அகராதியில் ஒரு சொல்லைத் தேட அதன் முதல் எழுத்து தெரிந்தால் போதும். கடைசி எழுத்தை வைத்துக்கொண்டு தேடு என்றால், முதல் பக்கத்திலிருந்து கடைசிப் பக்கம் வரை ஒவ்வொரு வரியாக விரலை ஓட்டிக்கொண்டு போவதைத் தவிர வழி கிடையாது. முப்பத்து நாலாம் வருஷம் ஜனவரி முதல் நோரா தினமும் சாயங்காலம் அதைத்தான் செய்துகொண்டிருந்தாள்.

சாந்தோமில் மாதா கோயிலுக்குப் பின்தெருவில் இரண்டு அறை வீடு. அதில் அவளும் அவள் அண்ணன் இக்னேஷியஸும்தான். இக்னேஷியஸ் ஒரு அச்சகத்தில் இருபது வருஷம் ப்ரூஃப் பார்த்தவர். சர்க்கரை வியாதி முதலில் கண்ணை வாங்கிக்கொண்டது. பிறகு காலில் ஒரு புண் வந்து, ஆறாமல், அவரை ஜன்னலோர நாற்காலியில் உட்கார வைத்துவிட்டது. நோரா பெண்கள் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். வகுப்பில் அறுபத்திரண்டு பிள்ளைகள். நாலரை மணிக்கு அவள் வீடு திரும்பும்போது தொண்டை கட்டியிருக்கும். அதற்குமேல் அண்ணனுக்குப் பத்திரிகையை உரக்கப் படித்துக் காட்ட வேண்டும்.

போட்டியை ஒரு இங்கிலீஷ் வாரப் பத்திரிகை அறிவித்திருந்தது. எக்ஸ் என்ற எழுத்தில் முடியும் சொற்கள். நான்கு எழுத்துக்கு மேல் போகக்கூடாது. அதிகம் எழுதி அனுப்புகிறவருக்கு ஒரு கிராமபோன்.

"அது மட்டும் வந்துட்டா பாரு, அப்புறம் உன்னைப் படி படின்னு தொந்தரவு பண்ண மாட்டேன்" என்றார் இக்னேஷியஸ்.

அந்த வாக்குக்காகத்தான் அவள் பள்ளியிலிருந்து தடித்த அகராதியைக் கேட்டு வாங்கி வந்தாள். ஃபாக்ஸ், பாக்ஸ், வாக்ஸ் எல்லாம் அண்ணனே சொல்லிவிட்டார். அவருக்கு வேண்டியது யாருக்கும் தெரியாத சொற்கள். காய்ந்துபோன ஒரு செடித் தண்டுக்குக் கெக்ஸ் என்று பேர். உலோகத்தைச் சுட்டபின் மிஞ்சுகிற பொடிக்குக் கால்க்ஸ். அவள் உரக்கப் படித்துக்கொண்டு போகையில் ஒவ்வொன்று அகப்படும்போதும் அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, "எழுதிக்கோ, எழுதிக்கோ" என்பார். நோரா எழுதிக்கொள்வாள். மூன்று எழுத்துச் சொல் ஒன்றுக்காக நாற்பது பக்கம் தாண்டியிருப்பாள்.

எம் எழுத்து வந்தபோது முதல்முறையாக ஏமாற்றினாள். அன்று பள்ளியில் இன்ஸ்பெக்டர் வந்துபோயிருந்தார். காலையிலிருந்து நின்றே இருந்தவள். பாதி எம்மைச் சேர்த்துப் புரட்டிவிட்டு, "இதுல ஒண்ணும் இல்லை அண்ணே" என்றாள். அவர் சரி என்றார். பி வந்தபோது முழுவதையும் தள்ளிவிட்டாள். அதற்கும் சரி என்றார்.

மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை காலையில் பங்குச் சாமியார் வீட்டுக்கே வந்து இக்னேஷியஸுக்கு நன்மை, அதாவது நற்கருணை அப்பம், கொடுப்பது வழக்கம். போட்டியின் கடைசித் தேதிக்கு மூன்று நாள் இருந்தது. நோரா மெழுகுவர்த்தியோடு பக்கத்தில் நின்றாள். ஜெபமெல்லாம் முடிந்து சாமியார் அப்பம் கொண்டுவந்த சின்ன வெள்ளி டப்பாவை மூடினார். க்ளிக் என்று சத்தம் கேட்டது.

"சாமி, நன்மை கொண்டு வர்ற அந்த டப்பாவுக்கு இங்கிலீஷ்ல என்ன பேரு?" என்று இக்னேஷியஸ் கேட்டார்.

"பிக்ஸ்" என்றார் சாமியார்.

"எழுத்து?"

"பி, ஒய், எக்ஸ்."

இக்னேஷியஸ் தங்கை நின்ற பக்கம் திரும்பவே இல்லை. "ஸ்தோத்திரம் சாமி" என்று மட்டும் சொன்னார். நோராவுக்குக் காது மடல் சுட்டது.

அன்று முழுக்க வகுப்பில் அவள் மனம் நிற்கவில்லை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து, முகம்கூடக் கழுவாமல் அவர் எதிரில் உட்கார்ந்தாள்.

"பி-யை நான் பார்க்கவே இல்லை அண்ணே. எம்லயும் பாதி பார்க்கலை. பார்த்தேன்னு பொய் சொன்னேன்."

"தெரியும்."

"எப்படித் தெரியும்?"

"ஒரு தாள் திருப்பற சத்தம் வேற, அம்பது தாள் சேர்ந்து விழற சத்தம் வேற. கண்ணுதானே போச்சு?"

"அன்னிக்கே கேட்டிருக்கலாமே?"

"கேட்டா நீ புஸ்தகத்தை மூடி வச்சுட்டு அடுப்படிக்குப் போயிடுவே. காலையில நீ போனதுலேர்ந்து இந்த வீட்ல ஒரு குரல் கிடையாது நோரா. நீ தப்பாப் படிச்சாலும் சரி, விட்டுட்டுப் படிச்சாலும் சரி, படிச்சுக்கிட்டு இருந்தியே, அது போதும்னு இருந்துட்டேன்."

அவளுக்கு இரக்கம் வரவில்லை, கோபம்தான் வந்தது. "அப்போ பேசுன்னு சொல்லியிருக்கலாம் இல்ல? அதுக்கு ஒரு அகராதி முழுக்க என்னைப் படிக்க வைக்கணுமா? ராத்திரி கண்ணை மூடினா எழுத்து எழுத்தா ஓடுது எனக்கு."

"சும்மா பேசுன்னா பேசுவியா? அலுத்துப்போய் வர்றே. ஒரு வேலைன்னு சொன்னாத்தான் நீ உட்காருவே."

அது உண்மை என்று அவளுக்குத் தெரிந்தது. எழுந்து முகம் கழுவப் போனாள். திரும்பி வந்து பி-யை எடுத்து, அன்றும் அடுத்த இரண்டு நாளும் விளக்கேற்றும் நேரம்வரை படித்தாள். பிக்ஸோடு பட்டியல் முப்பத்தெட்டு ஆயிற்று. எம்முக்கு நேரம் இருக்கவில்லை. திங்கட்கிழமை தபாலில் சேர்த்தாள்.

மார்ச் கடைசியில் முடிவு வந்தது. திருவல்லிக்கேணியில் யாரோ ஒரு அப்துல் கய்யூம் நாற்பத்து நாலு சொல் எழுதி கிராமபோனை ஜெயித்திருந்தார். அவருடைய பட்டியலைப் பத்திரிகையில் அப்படியே போட்டிருந்தார்கள். நோரா உரக்கப் படித்தாள். மின்க்ஸ் என்று வந்ததும் நிறுத்தினாள்.

"வாயாடிப் பொண்ணுன்னு அர்த்தம்" என்றார் இக்னேஷியஸ். "எம்ல இருந்திருக்கு." அவர் அதைச் சிரிக்காமல்தான் சொன்னார். நோராதான் சோர்ந்துபோய்ச் சிரித்தாள்.

பத்திரிகையின் அடுத்த பக்கத்தில் புதுப் போட்டி இருந்தது. இந்தமுறை இஸட்டில் முடிகிற சொற்கள். மறைத்தால் மறுபடி பொய் ஆகிவிடும் என்று அதையும் படித்துக் காட்டிவிட்டாள்.

"என்ன சொல்றே?" என்று கேட்டார்.

"என்னால முடியாது அண்ணே."

அவரிடம் அவள் அப்படிச் சொன்னது அதுவே முதல்முறை. இக்னேஷியஸ் விரலால் நாற்காலிக் கையைத் தட்டிக்கொண்டே இருந்தார். "சரி" என்றார் கடைசியில்.

நோரா பாயை விரித்துச் சுவரோரம் சாய்ந்துகொண்டாள். தெருவில் மீன்காரி கெங்கம்மா கூடையை இறக்கி, "மீனு இன்னும் கீது, வேணுமா?" என்று யாரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தாள். எழுந்து போய் வாங்கலாம் என்று நினைத்தாள், எழுந்திருக்கவில்லை.

"இன்னிக்கு வகுப்புல ஐவின்னு ஒரு பொண்ணு," என்று கண்ணை மூடியபடியே ஆரம்பித்தாள், "சிலேட்டைக் கீழே போட்டு உடைச்சுட்டு, உடைஞ்ச ரெண்டு துண்டுலயும் கணக்குப் போட்டுக் கொண்டு வந்து நிக்குது."

"விடை சரியா வந்துதா?" என்று கேட்டு இக்னேஷியஸ் நாற்காலியை அவள் பக்கம் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார்.

"ஒரு துண்டுல சரி" என்றாள் நோரா.