பயில்வானின் மூச்சு

இதில் ஒரு எழுத்து பொய்யானாலும் என் வாயில் மிச்சமிருக்கும் ஏழு பற்களும் இன்றே உதிரட்டும். ஏழையும் நாக்கால் தடவிப் பார்த்துவிட்டுத்தான் சத்தியம் செய்கிறேன்.

என் மச்சினன், அதாவது என் வீட்டுக்காரியின் தம்பி, கண்ணாடி அறுத்து மாட்டுகிறவன். அவன் துடைத்து நிறுத்திய கண்ணாடி எங்கே இருக்கிறது என்று அவனுக்கே தெரியாது. காக்கை வந்து மோதினால்தான் தெரியும். அப்படி ஒரு ஆளுயரக் கண்ணாடி ஒரு பகல் வேளையில் அடுக்கிலிருந்து சரிந்து வந்ததை அவன் பார்க்கவில்லை. தொடை கிழிந்து பெரிய ரத்தக்குழாயே அறுந்துவிட்டது. துண்டை இறுக்கிக் கட்டி ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போவதற்குள் பயல் அவன் விற்கும் சரக்கைப் போலவே ஆகிவிட்டான். அவனைப் பார்த்தால் அவனுக்குப் பின்னாலிருந்த சுவர் தெரிந்தது.

மயக்க மருந்து கொடுத்து, தொண்டைக்குள் குழாய் இறக்கி, மூச்சு மிஷினில் மாட்டினார்கள். என் ரத்தம் யாருக்கும் சேரும் வகை என்பதால் என்னைப் பக்கத்து அறையில் படுக்கச் சொன்னார்கள். நடுவில் கண்ணாடித் தடுப்பு. அந்தத் தடுப்பை மாட்டியவன் மச்சினனேதான், ஆகையால் எனக்கு ஒன்றும் மறைக்கவில்லை.

"இன்னும் என்ன முழிக்கிறீங்க? கையை நீட்டுங்க," என்றாள் என் வீட்டுக்காரி. கண்ணெல்லாம் சிவந்திருந்தது, வாய் மட்டும் வாடவில்லை. "கல்யாணம் ஆனதிலிருந்து எங்க வீட்டுக்கு எதுவும் குடுத்ததில்ல. இதையாவது குடுங்க."

கையை நீட்டினேன்.

அங்கே அறுவை டாக்டர், நிலைப்படியில் குனிந்து நுழைகிற உயரம், அறுந்த குழாயைப் பிடித்துக் கட்டிவிட்டார். மேலே இரண்டு பை ரத்தம் தொங்கி இறங்கிக்கொண்டிருந்தது. ஆனாலும் பிரஷர் இறங்கியது.

"ஓட்டையை அடைச்சாச்சு, ரத்தமும் ஏறுது. அப்புறம் ஏன்யா இறங்குது?" என்று கத்தினார். "மூச்சு பத்தல போல. மிஷினைக் கூட்டு!"

மிஷின்காரர் கூட்டினார். பிரஷர் இன்னும் இறங்கியது.

மயக்க மருந்து டாக்டரம்மாவை அங்கே எல்லோரும் கடுகு என்பார்கள். ஆள் அவ்வளவு சின்னம். காரமும் அந்தக் கணக்குதான். அந்தம்மா இதுவரை ரத்தப் பையைக் கையால் பிசைந்து பிசைந்து உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். இப்போது நிமிர்ந்தவர் மச்சினனைப் பார்க்கவில்லை, மிஷினைப் பார்த்தார். அது மூச்சுத் தள்ளும்போதெல்லாம் ஜன்னல் திரை கிடையாகப் பறந்தது. அறுவை டாக்டரின் தொப்பி கூரைவரை போய்த் திரும்பி வந்து தலையிலேயே உட்கார்ந்தது.

"இந்த மிஷின் எங்கேருந்து வந்துச்சு?"

"மேல் மாடிலேருந்தும்மா. அவசரத்துல உருட்டிட்டு வந்தேன்."

"மேல யாருக்கு ஓடிட்டு இருந்துச்சு?"

"அந்தப் பயில்வானுக்கு. நெஞ்சுல நீர் கோத்துக்கிட்டு வந்து, நேத்து தேறி வீட்டுக்குப் போனாரே..."

"அவருக்கு வச்ச அளவை மாத்தினீங்களா?"

மிஷின்காரர் மெல்ல மிஷினுக்குப் பின்னால் நகர்ந்தார்.

"சரியாப் போச்சு. பயில்வான் மூச்சை இவருக்கு விட்டுக்கிட்டு இருக்கோம்." கடுகு மிஷின் பக்கம் வந்தார். "நாமளா மூச்சு இழுத்தா, நெஞ்சு ரத்தத்தையும் சேத்து இருதயத்துக்கு இழுத்துக்கும். மிஷின் இழுக்காது, தள்ளும். ரத்தம் நெறைஞ்ச உடம்பு அதைத் தாங்கிக்கும். இவருக்கு மிச்சமிருக்கறதே கொஞ்சம். ஒவ்வொரு தள்ளுக்கும் நெஞ்சுக்குள்ள ரத்தம் திரும்பி வர்ற வழி நசுங்குது. இருதயம் காலிப் பானையைச் சுரண்டிக்கிட்டு இருக்கு."

"அதுக்காக மூச்சைக் கொறைப்பாங்களா? ஆளு போயிடுவான்!" என்றார் அறுவை டாக்டர்.

"கொறைக்காட்டிதான் போவார். நீங்க காலைப் பாருங்க சார், நெஞ்சு என் பொறுப்பு."

சொல்லிக்கொண்டே தொண்டைக் குழாயை மிஷினிலிருந்து கழற்றிவிட்டார். வெளியேற நேரமில்லாமல் நெஞ்சுக்குள் அடைபட்டுக் கிடந்த காற்றெல்லாம் புஸ்ஸென்று கிளம்பியது. கதவு தானாகத் திறந்தது. வாசலில் நின்ற என் வீட்டுக்காரியின் கொண்டை அவிழ்ந்தது. கடுகு ஒரு விரலை மச்சினனின் கழுத்தில் வைத்தபடி நின்றார். எல்லோரும் அந்த விரலையே பார்த்தோம்.

"தட்டுது," என்றார்.

மிஷினை மறுபடி மாட்டி அளவைத் திருப்பினார். சின்னச் சின்ன மூச்சு. மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் நீண்ட இடைவெளி. காற்று முழுக்க வெளியே வந்து, ரத்தம் உள்ளே வர வழிவிடவேண்டுமாம். அந்த இடைவெளி இருக்கிறதே, அதில் அறுவை டாக்டருக்கு ஒரு விரற்கடை தாடி வளர்ந்தது. பொறுக்காமல் அவர் திருகுப் பக்கம் கையைக் கொண்டுபோனார்.

"கையை எடுங்க சார்."

"ஆனா மூச்சே விடலியேம்மா!"

"விடுவார். ஆக்சிஜன் போதுமானது இருக்கு. அதைச் சொமந்துட்டுப் போக ரத்தம் ஓடணும். ஓட விடுங்க."

மிஷினுக்கும் அவருக்கும் நடுவே கடுகு போய் நின்றுகொண்டார். அவர் இடுப்பளவுதான் இருந்தார். ஆனால் அவரைத் தாண்டிப் போக வழி இருக்கவில்லை. ஒரு கையால் ரத்தப் பையைப் பிசைந்தார். மறு கையின் விரல் கழுத்தை விட்டு நகரவில்லை. பிரஷர் ஒரு படி ஏறியது, நின்றது, யோசித்தது, இன்னொரு படி ஏறியது. பை மாற்றினார்கள். மச்சினனின் உதட்டில் வெற்றிலை போட்டதுபோல மெல்லச் சிவப்பு வந்தது. பின்னால் சுவர் தெரிவது நின்றது. உடம்பில் ரத்தம் நிறைய நிறையத்தான் கடுகு மூச்சையும் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டினார்.

அவ்வளவு ரத்தமும் என்னுடையது. கடைசிப் பை நிரம்பியபோது நான் துவைத்த போர்வைபோலத் தட்டையாகிவிட்டேன். நர்ஸம்மா என்னை நாலாக மடித்து அலமாரியில் வைத்துவிட்டுப் போனார். அங்கிருந்தபடியே மீதியையும் பார்த்தேன்.

இனிச் சொல்ல ஒன்றுதான் பாக்கி: கையை நீட்டினேன் என்றேனே, ஊசி தோலில் பட்டதுமே நான் மயங்கி விழுந்துவிட்டேன், கண் விழித்தபோது, "அத்தான், எழுந்திருங்க, வீட்டுக்குப் போகலாம்" என்று முகத்தில் தண்ணீர் தெளித்தவன் என் மச்சினன்.