வரைபடத்தில் மட்டும் இருந்த காடு

1

இந்தக் கதை ஒட்டுக்கேட்டது. என் அக்காவுக்குப் பேரிடர்க் கட்டுப்பாட்டு அறையில் தொலைபேசி எடுக்கும் வேலை. நேற்று அவள் அம்மாவிடம் சொல்லி அழுததைக் கதவுக்குப் பின்னால் நின்று கேட்டேன்.

‘வானம் பொத்துக்கொண்டு ஊற்றிய அந்த நாளில்...’

இந்தத் தொடக்கம் வேண்டாம். பழியை மழையின் தலையில் கட்டுகிறது. அதைச் செய்ய அதிகாரிகள் இருக்கிறார்கள்.

2

பகல் பதினொரு மணி. மலைச்சரிவின் அடியில் இருக்கும் தெருவிலிருந்து ஒரு தையல்காரி தொலைபேசியில் பேசினாள்.

“மேடம், மேலேருந்து சேறு எறங்குது. வண்டி அனுப்புங்க.”

அக்கா சுவரிலிருந்த வரைபடத்தைப் பார்த்தாள். சரிவு முழுக்கப் பச்சை. காட்டுக்குக் கீழே உள்ள தெருக்களைக் கடைசியில் காலி செய்தால் போதும் என்பது அந்த அறையின் விதி. மண்ணை வேர் பிடித்துக்கொள்ளுமாம்.

“உங்களுக்கு மேல காடு இருக்கும்மா. பயப்படாதீங்க.”

“எந்தக் காடு? வெட்டி நாலு வருஷமாச்சு. மொட்டையா கெடக்கு.”

“மேப்ல பச்சையாத்தானே இருக்கு?”

“அப்ப அந்த மேப்பைக் கொண்டாந்து மேல நட்டு வைங்க!”

வண்டி வேறு தெருவுக்குப் போனது. பன்னிரண்டரைக்குச் சரிவு இறங்கியது. ஒன்பது பேர் செத்துப்போனார்கள். தையல்காரியும்.

(காட்டை வெட்ட அனுமதி கொடுத்த அலுவலகம், அக்காவின் அறை இருக்கும் அதே கட்டடத்தின் இரண்டாம் மாடி. வரைபடத்தைத் திருத்தச் சொல்லும் ஒரு காகிதம் படியிறங்கி வர நான்கு வருடம் போதவில்லை.)

3

‘நடுங்கும் குரலில் அவள் கெஞ்சினாள்’ என்று எழுதிப் பார்த்தேன். இரக்கம் வரும். அடித்துவிட்டேன். அவள் கெஞ்சவில்லை, திட்டினாள். உயிர் போனது போதாதென்று கோபத்தையும் நான் பிடுங்க வேண்டுமா?

4

இன்று அக்காவின் அதிகாரி அவளிடம் ஓர் அறிக்கையைக் கொடுத்தனுப்பியிருக்கிறார். ‘எதிர்பாராத இயற்கைச் சீற்றம். அத்தெருவிலிருந்து அழைப்பு ஏதும் வரவில்லை.’ அக்கா கையெழுத்துப் போட வேண்டும்.

“வாயைத் தொறந்தா மொதல்ல மாட்டுறது நீதாம்மா” என்றாராம். அது பொய்யில்லை. வண்டியை அனுப்பாதவள் அவள்தான்.

முடிவு ஒன்று: கையெழுத்துப் போடுகிறாள். வேலை தப்பிக்கிறது.

முடிவு இரண்டு: கிழித்துப் போடுகிறாள். எனக்குப் பிடித்த முடிவு இது. ஆனால் கிழிந்த தாளில் தையல்காரி சொன்னது எங்கே இருக்கும்?

முடிவு மூன்று: தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் அந்தப் பேச்சை வார்த்தை மாறாமல்

அக்கா கதவைத் தட்டுகிறாள்.

“ஏய், பேனா குடு.”

“எங்கிட்ட ஏதுக்கா?”

“நடிக்காதடி. ஒளிச்சு ஒளிச்சு எழுதறது எனக்குத் தெரியாதா? குடு.”

வீட்டில் எழுதுகிற பேனா இது ஒன்றுதான். கொடுக்கப் போகிறேன். எந்தப் பக்கத்தில் எழுதுவாள் என்று எனக்குத் தெரியாது. இனி நீங்கள்தான்