கவர் போட்ட பட்டன் பெட்டி

சக்கரபாணி எந்தப் புதுப் பொருளின் கவரையும் பிரிக்க மாட்டார். கார் வாங்கி இரண்டு தீபாவளி போய்விட்டது. சீட்டின் மேல் கம்பெனிக்காரன் போட்ட பாலித்தீன் அப்படியே கிடக்கிறது. அமாவாசை தவறாமல் மேல்மலையனூர் போய்வருவார். திரும்பி வந்து இறங்கும்போது வேட்டி பின்னால் ஒட்டிக்கொண்டு, பார்க்கச் சகிக்காது. வீட்டு டிவி ரிமோட்டுக்குக் கவர், பிரிட்ஜ் கைப்பிடிக்கு உறை. இதையெல்லாம் அவர் சுத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தார். அவரிடம் வேலை பார்க்கும் குப்பம்மாள் இதற்கு வேறு பெயர் வைத்திருந்தாள். அதை அச்சில் போட முடியாது.

திண்டிவனத்திலிருந்து ஒலக்கூர் போகிற வழியில் அவருடைய கிரானைட் பட்டறை இருக்கிறது. கல்லைத் தூக்கி இறக்க ஒரு கிரேன். அது மேலே இரும்புத் தூலத்தில் ஓடும். அதிலிருந்து கறுப்பு வயரில் ஒரு பட்டன் பெட்டி நெஞ்சு உயரத்துக்குத் தொங்கும். பட்டனில் விரல் வைத்தால் கல் நகரும், எடுத்தால் நிற்கும். பெட்டி மாசிலாமணியின் கையில். அவன் பெண்டாட்டி குப்பம்மாளுக்குக் கீழே வேலை. கல் இறங்கி வரும்போது அடியில் சவுக்குக் கட்டைகளை வைக்க வேண்டும். கட்டை இல்லாமல் கல் தரையில் உட்கார்ந்துவிட்டால் அதைச் சுற்றிக் கட்டித் தூக்கிய பெல்ட்டை உருவ முடியாது. புருஷன் விரலை எடுத்தால் கல் நிற்கும், பெண்டாட்டி கட்டையைச் சரிசெய்துவிட்டுக் கையை எடுப்பாள். பழைய பெட்டி இருந்தவரை இதைப் பற்றி அவள் யோசித்ததே இல்லை.

பழைய பெட்டி உடைந்தது. வடிகட்டின கஞ்சனான சக்கரபாணி, விழுப்புரம் போய்ப் பாதி விலைக்கு ஒரு பெட்டி வாங்கிவந்தார். திருவிழாக் கடை பொம்மை மாதிரி கனமே இல்லாத மஞ்சள் பிளாஸ்டிக். உச்சியில் ஆபத்துக்கு அமுக்க ஒரு சிவப்பு பட்டன் இருந்தது. அதற்குத் தனியாக வயர் இழுக்க வேண்டும் என்று எலக்ட்ரீசியன் சொன்னான்.

"அத்த யாரு அமுக்கப் போறா? வேலய நிறுத்திட்டு பீடி புடிக்கறதுக்கா?" என்றார் சக்கரபாணி. சிவப்பு பட்டன் அழகுக்கு நின்றது.

அதோடு விட்டாரா? டிவி ரிமோட்டுக்குப் போட்ட மாதிரியே பெட்டிக்கும் ஒரு தடித்த பாலித்தீன் கவரை மாட்டி, மேலும் கீழும் ரப்பர் பேண்டு போட்டு இறுக்கினார். கல் அறுக்கிற இடம், தண்ணீர் தெறிக்கும், அதனால்தான் என்றார். கவருக்குள் பட்டன் சரியாகத் தெரியவில்லை என்று மாசிலாமணி மறுநாள் அதைக் கழற்றினான். உடனே உண்மை வெளியே வந்தது.

"டேய், போட்ட கவர எதுக்குடா எடுத்த? கண்டவன் கையெல்லாம் படுது. நாளைக்கு நானும் அத்த தொடணுமில்ல?"

கீழே கட்டையோடு குந்தியிருந்த குப்பம்மாளின் காதில் அது விழுந்தது. இந்தப் பட்டறைக்குக் கூரை போட்ட நாளிலிருந்து இங்கே உழைக்கிறவன் கண்டவனாம். அவன் தூக்கி இறக்கிய கல்லை விற்றுக் கட்டின வீட்டில் இவர் கால் மேல் கால் போட்டுக்கொண்டு படுப்பாராம். அவளுக்குக் கோபம் வரவில்லை. கோபப்படக்கூட ஒரு தகுதி வேண்டுமே, இந்த ஆளுக்கு அது ஏது?

கவரை மறுபடி மாட்டிய பிறகு பட்டன் சொன்ன பேச்சைக் கேட்கவில்லை. உள்ளே இருந்த சுருள் கம்பி சொத்தை, மேலே கவரோ இறுக்கம். அமுக்கிய பட்டன் அமுங்கியபடியே நின்றுகொள்ளும். மாசிலாமணி விரலை எடுத்த பிறகும் கல் இறங்கிக்கொண்டே வரும். கவரோடு சேர்த்து நகத்தால் நோண்டி அவன் பட்டனை வெளியே இழுப்பதற்குள் உயிர் போய் உயிர் வரும். போன வாரம் அப்படி இறங்கிய கல் குப்பம்மாளின் கண்ணாடி வளையல்களை நொறுக்கிவிட்டுத்தான் நின்றது. சுண்டுவிரல் நகம் கறுத்துப்போனது. இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் கையே போயிருக்கும்.

சக்கரபாணி வந்து பார்த்தார். கையை அல்ல, கல்லைப் பார்த்தார். கீறல் இல்லை என்று தெரிந்ததும் முகம் தெளிந்தது.

"பயந்தாங்கொள்ளி மாதிரி கைய ஆட்டிக்கினு இருந்தா அப்டித்தான் ஆவும். கட்டை வெக்கறதுல இன்னா பயம்? எங்க வூட்டு சின்னப் புள்ள வெக்கும்."

அன்றிலிருந்து மாசிலாமணிக்குச் சோறு இறங்கவில்லை. மத்தியானம் வேப்பமரத்தடியில் கேப்பைக் கூழைக் கையில் வைத்துக்கொண்டு அவளுடைய சுண்டுவிரலையே பார்த்துக்கொண்டிருப்பான்.

"பாத்துக்கினே இருந்தா நகம் மொளச்சிடுமா? வாயத் தொறந்து கேளுய்யா," என்றாள் குப்பம்மாள்.

"இன்னாமே கேக்கறது? போடான்னுட்டா எங்க போறது? எவன் கொல்லயிலயாவது மல்லாட்டை புடுங்கவா?"

"மல்லாட்டை புடுங்கனா வெரலு இருக்கும். கவரோட நீ இனிமே கல்ல எறக்கனா, நான் கை வெக்க மாட்டேன். சொல்லிட்டேன்."

அவன் தலையைக் குனிந்துகொண்டான். வாயில்லாப் பூச்சி. அவன் மேலும் அவளுக்கு இளக்காரம்தான், ஆனால் அதில் கொஞ்சம் பாசமும் கலந்திருந்தது. அவளை நசுக்கிவிடப்போகிற விரல் தன்னுடையது என்று அவன் தினம் தினம் செத்துக்கொண்டிருப்பது அவளுக்குத் தெரியாதா?

மறுநாள் பட்டறைக்குப் பாண்டுரங்கன் வந்தார். விழுப்புரத்தில் டைல்ஸ் கடை வைத்திருப்பவர். சக்கரபாணியின் மகள் அஸ்வினியை அவர் மகனுக்குப் பேசியிருந்தது. சம்பந்தி ஆகப்போகிறவர் பட்டறையைப் பார்க்க ஆசைப்பட்டார். சக்கரபாணி கஞ்சி போட்ட வெள்ளை வேட்டியில் முன்னால் நடந்தார். நடையா அது? ஊருக்கே பட்டா வாங்கியவர் மாதிரி.

நேராகக் கிரேனுக்கு வந்தார். மாசிலாமணியைத் தள்ளி நிற்கச் சொன்னார். ரப்பர் பேண்டை எடுத்து, கவரை உருவிக் கீழே போட்டு, மோதிரக் கையால் பெட்டியைப் பிடித்து ஒரு கல்லைத் தூக்கினார். திரும்ப இறக்கி முழங்கால் உயரத்தில் நிறுத்தினார். கவர் இல்லாததால் விரலை எடுத்ததும் பட்டன் சமர்த்தாக மேலே வந்தது.

"கவர் எதுக்குங்க?" என்று கேட்டார் பாண்டுரங்கன்.

"கண்ட கையும் படுதுங்களே," என்று சிரித்தார் சக்கரபாணி. "ஏ குப்பம்மா, கட்டைய வை."

"அந்தம்மா கை கல்லுக்கு அடியில போவுதே. ஆபத்து இல்லயா?"

"இதுல இன்னாங்க ஆபத்து? சின்னப் புள்ள வெக்கும்."

குப்பம்மாள் எழுந்து நின்றாள். கட்டையை அவரிடம் நீட்டினாள்.

"அப்ப நீங்க வைங்க மொதலாளி. நான் எறக்கறேன்."

சக்கரபாணி முறைத்தார். ஆனால் பாண்டுரங்கன் குஷியாகிவிட்டார்.

"வைங்களேன் சம்பந்தி, நானும் பாக்கறேன். சின்னப் புள்ள வெக்கும்னு நீங்கதான சொன்னீங்க?"

பீற்றிக்கொண்ட வாயை இனி எங்கே கொண்டுபோய் ஒளிப்பது? சக்கரபாணி கட்டையை வாங்கினார், கல்லுக்குப் பக்கத்தில் குந்தினார். வேட்டி நுனி சேற்றில் தோய்ந்தது.

குப்பம்மாள் கீழே கிடந்த கவரை எடுத்து உதறினாள். பெட்டிக்கு மறுபடி மாட்டி, மேலும் கீழும் ரப்பர் பேண்டை இறுக்கினாள்.

"அது எதுக்குடி இப்ப?" சக்கரபாணியின் குரல் கீச்சென்று வந்தது.

"என் கை படக்கூடாது இல்ல மொதலாளி."

அவருக்குத் தெரியும். கவரோடு அமுக்கினால் என்ன ஆகும் என்பது இத்தனை நாளும் அவருக்கு நன்றாகத் தெரிந்துதான் இருந்தது. அவர் நெற்றியில் குப்பென்று பூத்த வியர்வையைப் பார்த்தபோதுதான் அது குப்பம்மாளுக்கே புரிந்தது. அறியாமல் செய்கிறார் என்று ஒரு மூலையில் நினைத்திருந்தாளே, அந்தக் கரிசனமும் அத்தோடு போயிற்று.

"வைங்க மொதலாளி. உள்ள தள்ளி வைங்க."

மோதிரக் கை கட்டையோடு கல்லுக்கு அடியில் போனது. மேலே பெல்ட் லேசாக முனகியது. எப்போதும் முனகுவதுதான்.

சக்கரபாணி "ஐயோ அம்மா!" என்று அலறினார். கட்டையை வீசிவிட்டுப் பின்னால் பாய்ந்து, கல்தூள் குழம்பிய சேற்றில் மல்லாந்து விழுந்தார். வெள்ளை வேட்டி சாம்பல் நிறமானது. பாண்டுரங்கன் ஓடிவந்து தூக்கினார். கல் முழங்கால் உயரத்தில், இருந்த இடத்திலேயே தொங்கியது.

"இன்னா மொதலாளி? நான் இன்னும் அமுக்கவே இல்லயே," என்றாள் குப்பம்மாள்.

பாண்டுரங்கன் அவளுடைய வளையல் இல்லாத கையையும் கறுத்த நகத்தையும் பார்த்தார். பிறகு சம்பந்தியைப் பார்த்தார். அந்தப் பார்வையில் இப்போது சிரிப்பு இல்லை.

"டேய் மாசி, அந்தக் கவர மொதல்ல பிச்சிப் போடுடா! இனிமே அத்த போட வேணாம்," என்று கத்தினார் சக்கரபாணி.

மாசிலாமணி ஓடிவந்தான். குப்பம்மாள் கை நீட்டி அவனைத் தடுத்தாள். வயரோடு பெட்டியைக் கொண்டுபோய் முதலாளியின் முகத்துக்கு நேரே பிடித்தாள்.

"நீங்க போட்டது, நீங்களே கழட்டுங்க. என் கை பட்டுட்ச்சி, பரவால்ல இல்ல?"

அவர் வாங்கிக்கொண்டார். வேறு வழி இருக்கவில்லை. சேறு அப்பிய விரல்களிலிருந்து ரப்பர் பேண்டு வழுக்கி வழுக்கிப் போனது. அவள் அங்கேயே நின்று பார்த்தாள்.

"அவசரமே இல்ல மொதலாளி. பத்து வெரலும் இருக்குது இல்ல, மெதுவாவே கழட்டுங்க."