சாகாத பூச்சி

விடிவதற்குள் மொட்டு வெட்டி முடிக்க வேண்டும். வெயில் ஏறினால் ரோஜா விரிந்துவிடும். விரிந்த பூவைச் சீந்துவாரில்லை. பசுமைக்குடிலுக்குள் அக்காவும் தங்கையும் ஒரே பாத்தியில் குனிந்திருந்தார்கள். இலைகளில் மருந்து ஈரம் சொட்டியது. முன்பெல்லாம் அடித்த மருந்து காய்ந்த பிறகுதான் ஆட்களை உள்ளே விடுவார்கள். பூச்சி சாகவில்லை என்று இப்போது மருந்து இரட்டிப்பானது. காயவிடும் வழக்கமும் போயிற்று.

"கை எரியுதாடி?"

"கை எரிஞ்சா எரியட்டும்க்கா. வயித்துல இருக்கறது நேத்துலேர்ந்து அசையல."

அக்காவின் கத்தரி நின்றது. ஐந்தாம் மாதம். தங்கையைக் கைத்தாங்கலாக ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனாள். கருவை இழந்து வெறுங்கையோடுதான் வீடு திரும்பினார்கள்.

தங்கையைப் படுக்கவைத்துவிட்டு அக்கா முதலாளியிடம் போனாள். மருந்தடிக்கும் 'தும்மல்' அண்ணனும் துணைக்கு வந்தார். மூச்சு விடுவதைவிடத் தும்முவது அதிகம் என்பதால் அந்தப் பெயர்.

"பூச்சிக்கே ஒண்ணும் ஆகல, மனுசங்களுக்கு என்ன ஆகிடும்?" என்றார் முதலாளி. "உங்க பரம்பரையில ஏதாவது கோளாறு இருக்கும்."

"பழைய மருந்துல தப்பிச்ச பூச்சியோட வாரிசுதாங்க இப்ப இருக்கறது பூரா. மருந்து விக்கிறவரு உங்ககிட்டத்தானே சொன்னாரு? நானும் பக்கத்துல நின்னேனே!" என்றார் தும்மல்.

"அப்ப எங்கள்ல யாரு தப்பிப்பாங்கன்னு பாக்குறீங்களா?" என்று கேட்டாள் அக்கா. "பூச்சி நூறு முட்டை போடும். என் தங்கச்சிக்கு இருந்தது ஒண்ணுதானுங்க."

முதலாளி கைபேசியை எடுத்துக்கொண்டார். "இஷ்டம்னா வேலைக்கு வா. வாசல்ல ஆளுக்கா பஞ்சம்?"

மறுநாள் இருட்டோடு குடிலின் கதவு திறந்தது. நெடி முகத்தில் அறைந்தது. அக்கா உள்ளே போகாமல் வாசலில் உட்கார்ந்தாள். இது தைரியமா, வெறும் வீம்பா என்று அவளுக்கே தெரியவில்லை. திரும்பிப் பார்க்கவும் பயமாக இருந்தது. பின்னால், வேலைக்கு வந்த மற்ற பெண்களின் சேலைகள் சரசரத்தன. ஒருத்தி உட்கார்ந்தாள், அவளை ஒட்டி இன்னொருத்தி.

"உக்காந்துட்டா சம்பளம் வருமா?" என்று மேஸ்திரி கத்தினார்.

"குனிஞ்சப்ப மட்டும் கொட்டுச்சாக்கும்! மருந்து காயட்டும், வர்றோம்" என்றாள் பின்னாலிருந்து ஒருத்தி.

சிரிப்பு எழுந்து, சட்டென்று அடங்கியது. வேலியைப் பிடித்தபடி தங்கை வந்துகொண்டிருந்தாள்.

"படுக்கச் சொன்னேனேடி?"

"படுத்தா அழுகையா வருதுக்கா."

வரிசை நெருங்கி உட்கார்ந்து இடம் விட்டது. "ஈரத்தரைம்மா" என்று, அவர்களோடு உட்கார்ந்திருந்த தும்மல் அண்ணன் தன் சாக்கை அவளுக்கு விரித்துவிட்டு, வெறுந்தரையில் அமர்ந்தார். தூரத்தில் முதலாளியின் கார் சத்தம் கேட்டது. தங்கையின் கையை யாரோ பற்றினார்கள். ஒருவரும் எழுந்திருக்கவில்லை.