மேனுஷா பாடிய ப்ளூஸ்

பள்ளிக்கூடத்தில் ப்ளூஸ் பாட்டு சொல்லிக் கொடுக்கிறார்கள் என்று மகள் மேனுஷா வந்து சொன்ன அன்று சயந்தன் அதைப் பெரிதாக எடுக்கவில்லை. இலண்டனின் நோர்பரியில் அவள் படிக்கும் ஆரம்பப் பள்ளிக்கு ஒக்டோபர் மாதத்தில் யாராவது வந்து கறுப்பின மக்களின் வரலாறு பற்றிப் பேசுவது வழக்கம். இந்த முறை மிசிசிப்பியில் பிறந்து இலண்டனில் குடியேறிய டெல்பீன் என்ற பாடகி வாரத்தில் ஒரு பின்னேரம் கிட்டாரோடு வருகிறாராம். பெற்றோல் ஸ்டேஷனில் நாள் முழுக்க நின்ற களைப்பில் சயந்தன் அரைக் காதால் கேட்டுவிட்டுக் குளிக்கப் போனான்.

அடுத்த கிழமைதான் அவனுக்கு நெருடியது. இரவுச் சாப்பாட்டின்போது மேனுஷா கேட்டாள்.

"அப்பா, எங்கட வீட்டில என்ன கவலை இருக்கு?"

"ஏன் கேக்கிறாய்?"

"வீட்டில இருக்கிற கவலை ஒண்டைப் பாட்டா எழுதிக்கொண்டு வரட்டாம். மிஸ் டெல்பீன் சொன்னவ."

சயந்தனின் மனைவி அஜந்தா தன் தம்பி டெனுசனைப் பார்த்தாள். அவர்கள் வீட்டுக் கவலை அந்த மேசையிலேயே உட்கார்ந்து புட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது.

டெனுசனின் அகதி விண்ணப்பம் மறுக்கப்பட்டு, மேல்முறையீடும் தோற்றுப்போயிருந்தது. அதன்பிறகு அவன் எந்த அலுவலகத்துக்கும் போகவில்லை, எந்த வழக்கறிஞரையும் நம்பவில்லை. அக்கா வீட்டின் பின்னறைதான் உலகம் என்று ஆகிவிட்டது. வாசல் மணி அடித்தால் எழுந்து உள்ளே போய்விடுவான். பள்ளியில் மாமாவைப் பற்றி ஒரு சொல்லும் பேசக்கூடாது என்று அஜந்தா மகளுக்குச் சொல்லி வைத்திருந்தாள்.

ஒரு வீட்டின் கவலை பள்ளிக்கூடத்துக்கு எதற்கு என்று சயந்தன் யோசித்தான். வால்தம்ஸ்டோவில் ஒரு பிள்ளை வகுப்பில் கீறிய படத்தைப் பார்த்துவிட்டு வீட்டுக்குக் குடிவரவு அதிகாரிகள் வந்தார்களாம் என்று அஜந்தாவின் சிநேகிதி யோகமலர் முன்பு சொன்ன கதை நினைவுக்கு வந்தது. மேனுஷாவிடம் விசாரித்ததில், டெல்பீனிடம் குரல் பதிவுசெய்யும் சிறிய கருவி ஒன்று இருப்பதும் தெரிந்தது. கடைசி நாளில் எல்லாப் பாட்டையும் பதிந்து பள்ளியின் இணையத்தளத்தில் போடுவார்களாம்.

மழையைப் பற்றி எழுது, வீட்டுப்பாடத்தைப் பற்றி எழுது என்று மகளிடம் சொல்லிப் பார்த்தான். ஏற்கெனவே எழுதியாகிவிட்டது என்றாள் அவள். காட்டச் சொன்னதற்கு, வந்து கேளுங்கோ என்று சிரித்தாள். பள்ளி அலுவலகத்தில் போய்க் கேட்டான். அங்கிருந்த பெண், எல்லாம் பிள்ளைகளின் நன்மைக்குத்தான் என்று புன்னகையோடு சொன்னாள். அந்தப் புன்னகை அவனை இன்னும் கலக்கியது. அவன் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் அவனுடைய அகதி விண்ணப்பத்தை முதல் தடவை நிராகரித்த அதிகாரியும் புன்னகையோடு தேநீர் வாங்கித் தந்தவன்தான்.

கடைசி நாளன்று ஷிப்டை மாற்றிக்கொண்டு போனான். பெற்றோர்கள் மண்டபத்தில் பிள்ளைகளின் குட்டிக் கதிரைகளில் ஒடுங்கி உட்கார்ந்திருந்தார்கள். டெல்பீன் அறுபது வயது மதிக்கத்தக்க, கட்டையான, கண்ணாடி போட்ட பெண். கருவி மேசை ஓரத்தில் சிவப்பு விளக்கோடு இருந்தது. சயந்தன் அதை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

டெல்பீன் பெற்றோருக்காகச் சுருக்கமாகச் சொன்னார். ஆப்பிரிக்காவிலிருந்து சங்கிலியில் கொண்டுவரப்பட்டு விற்கப்பட்ட மனிதர்கள். பல இடங்களில் அவர்களிடமிருந்து மேளங்களையும் பறித்தார்கள். அடிமைமுறை சட்டத்தில் ஒழிந்த பிறகும் அவர்களுடைய பிள்ளைகள் அதே பருத்திக் காடுகளில், அதே மாதிரியான முதலாளிகளின் கீழ் வேலை செய்தார்கள். அந்தப் பிள்ளைகளின் பிள்ளைகளிடமிருந்து வந்தது ப்ளூஸ். ஒரு வரியைப் பாடு, அதையே திரும்பப் பாடு, மூன்றாவது வரியில் மனதில் உள்ளதைச் சொல்.

பிறகு பிள்ளைகளைப் பார்த்து, முதலாளி பக்கத்தில் நிற்கும்போது அவனைத் திட்டிப் பாடுவது எப்படி என்று கேட்டார்.

"அவனுடைய கோவேறு கழுதையைத் திட்டுவதுபோலப் பாடுவோம்," என்று முழு வகுப்பும் சேர்ந்து சொன்னது.

பெற்றோர்கள் சிரித்தார்கள். சயந்தன் சிரிக்கவில்லை. இந்த மனுசி பிள்ளைகளிடம் வேறு என்னவெல்லாம் பிடுங்கியிருப்பார் என்பதே அவன் யோசனையாக இருந்தது.

ஒரு பையன் வராத பஸ்ஸைப் பற்றிப் பாடினான். ஒரு சிறுமி தன் அண்ணனைத் திட்டிப் பாடினாள். அதன்பிறகு மேனுஷா எழுந்தாள். அவள் பாடியது ஆங்கிலத்தில். தமிழில் சொன்னால் இப்படி வரும்:

மணி அடித்தால் எங்கள் பூனை கட்டிலுக்குக் கீழே போகும்,
மணி அடித்தால் எங்கள் பூனை கட்டிலுக்குக் கீழே போகும்,
அதன் பெயரை யாரும் கேட்டால் நான் வாயை மூட வேணும்.

பூனை யாரென்று சயந்தனுக்கு விளங்கிவிட்டது. எல்லோரும் கைதட்டினார்கள். வகுப்பு ஆசிரியை, உங்கள் வீட்டில் பூனை இருப்பது எனக்குத் தெரியாதே என்று மேனுஷாவிடம் சொல்லிவிட்டு, அவன் பக்கம் திரும்பினார். மண்டபம் முழுக்கத் தன்னையே பார்ப்பதாக அவனுக்குத் தோன்றியது. மேனுஷாவும் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

"இருக்கிறது," என்றான் ஆங்கிலத்தில். "கொஞ்சம் கூச்சம் பிடித்த பூனை."

மற்றவர்கள் சிரித்தார்கள். டெல்பீன் மட்டும் சிரிக்காமல் அடுத்த பிள்ளையைக் கூப்பிட்டார்.

முடிந்ததும் சயந்தன் நேரே அவரிடம் போய், தன் மகளின் பாட்டை அழிக்க வேண்டும் என்றான். காரணம் கேட்டால் சொல்ல இரண்டு பொய்களைத் தயார்செய்து வைத்திருந்தான். அவர் கேட்கவில்லை. கருவியை அவன் கண் முன்னே திருப்பிப் பிடித்து அழித்துக் காட்டினார். தன் ஊரிலும் நகரத்திலிருந்து பதிவுக் கருவியோடு ஆட்கள் வந்தபோது, எதைப் பாடுவது, எதைப் பாடாமல் விடுவது என்று ஊரவர்கள் யோசித்துத்தான் பாடினார்கள் என்றார்.

அவன் நன்றி சொல்லித் திரும்பியபோது பின்னால் அவர் குரல் வந்தது.

"உங்கள் மகள் நன்றாகக் கற்றுக்கொண்டாள். ஆனால் அந்த மூன்றாவது வரி பத்து வயதுக்குப் பாரம்."

இவருக்கு எவ்வளவு தெரியும், யாரிடம் சொல்வார் என்று நினைத்தபடியே மகளின் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு நடந்தான். அன்றிலிருந்து தெருவில் கார் நின்றாலும் திரைச்சீலையை விலக்கிப் பார்த்தான். ஒருவரும் வரவில்லை. வராதபோதும் சந்தேகம் போகவில்லை. சந்தேகத்தோடு கூட அந்தக் கடைசிப் பேச்சும் அவனை அரித்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, மேனுஷா நீச்சலுக்குப் போயிருந்த நேரம், அஜந்தாவையும் டெனுசனையும் இருத்தி நடந்ததைச் சொன்னான். அஜந்தாவுக்குப் பள்ளி மேல்தான் முதலில் கோபம் வந்தது. பாட்டின் மூன்றாவது வரியைக் கேட்டதும் அடங்கிவிட்டாள். அந்த வாயை மூடச் சொன்னவள் அவள்தானே.

டெனுசன் பூனையைக் கேட்டு முதலில் சிரித்தான். பிறகு கதிரையை மேசைக்குக் கிட்ட இழுத்தான்.

"அத்தான், நான் லோயரிட்டைப் போறன்," என்றான்.

"பிடிச்சு அனுப்பினா?"

"அனுப்பட்டும். சின்னப் பிள்ளையின்ரை தலையில என்னை வைச்சுக்கொண்டு இருக்க ஏலாது."

வழக்கறிஞர் புதிய ஆதாரங்களோடு மறுபடி மனுப் போட்டார். மாதத்துக்கு ஒருமுறை குடிவரவு அலுவலகத்தில் கையெழுத்து வைக்கச் சொன்னார்கள். முதல் தடவை சயந்தன் வெளியே காருக்குள் இருந்தான். உள்ளே போனவர்களில் யார் வெளியே வரவில்லை என்று கணக்குப் பார்த்துக்கொண்டே இருந்தான். டெனுசன் வந்து கதவைத் திறந்து, பசிக்குது என்றான். மனுவுக்கு முடிவு இன்னும் வரவில்லை. வரும்வரை அவன் பகலில் வெளியே போய் வருகிறான்.

மாசிமாதத்தில் ஒரு பின்னேரம் பெற்றோல் ஸ்டேஷனில் நின்ற சயந்தனின் போனில் பள்ளியின் இலக்கம் விழுந்தது. மேனுஷாவைக் கூட்டிப்போக ஒருவர் வந்திருக்கிறார், எங்கள் பதிவில் அவருடைய பெயர் இல்லை, உங்களுக்குத் தெரிந்தவரா என்று அலுவலகப் பெண் கேட்டாள்.

கவுன்டருக்கு முன்னால் இரண்டு பேர் காசோடு நின்றார்கள். சயந்தன் அவர்களைக் கையால் மறித்துவிட்டு, "அவர் என் மனைவியின் தம்பி. எங்களோடு இருக்கிறார்," என்றான்.

முழுப் பெயரையும் சொல்லச் சொன்னாள். எழுத்து எழுத்தாகச் சொன்னான்.