கூந்தல் தைலப் பக்கம்

சலீம் பாய் தன் சாப்பாட்டுக் கடையில் கலர் டிவியும் வீடியோ பெட்டியும் வாங்கி வைத்த பிறகு, ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அங்கே உட்கார இடம் கிடைப்பதில்லை. டீயைத் தே என்போம்; ஒரு தே வாங்கினால் முழுப் படமும் பார்க்கலாம். சுற்றியிருந்த தேயிலைத் தோட்டங்களிலிருந்தும் காய்கறிக் கொல்லைகளிலிருந்தும் ஆட்கள் அதற்காகவே எங்கள் மலையூரான பிரிஞ்சாங்குக்கு வந்தார்கள். 1983 ஆகஸ்டில் ஒரு நாள், தோட்டத்துக்குச் சோப்புப் பெட்டி வாங்கப் போன என்னை அவர் கையைப் பிடித்து நிறுத்தினார்.

"கிராணியாரே, இந்த ஞாயித்துக்கெழம கண்டிப்பா வந்துடுங்க லா. உங்க படம் போடுறேன்."

"என் படமா?"

"அதான், எட்டு மாசம் எங்கிட்ட வாரப் பத்திரிகை வாங்கிட்டுப் போயி பொம்பளைங்களுக்குப் படிச்சுக் காட்டுனீங்களே, அந்தத் தொடர்கதை. சினிமாவாயிருச்சு. பினாங்குலேர்ந்து டேப்பு வந்திருக்கு."

அந்தக் கதையின் முடிவு எனக்குத் தெரியாது. அது சலீமுக்குத் தெரியாது. வேறு யாருக்கும் தெரியாது.

1974இல் நான் தோட்ட ஆபீசில் கணக்கு எழுதும் இரண்டாம் கிராணியாக இருந்தேன். தொழிலாளர் வீட்டு வரிசையான லயத்துக்குப் பின்னால் இளைஞர் மன்றத்துக்கென்று ஒரு பலகை அறை இருந்தது. ஞாயிறு இரண்டு மணிக்கு அங்கே உட்கார்ந்து கதை படிப்பேன். பெண்கள் துணி துவைத்து, தலை குளித்து, ஈரக் கூந்தலைத் துண்டில் சுற்றிக்கொண்டு வருவார்கள். பத்திரிகை மதராசில் வெளியாகி மூன்று வாரம் கழித்துத்தான் பினாங்கு வழியாக சலீம் கடைக்கு வந்து சேரும். மூன்று வாரப் பழசு என்பது எங்கள் யாருக்கும் உறைத்ததில்லை.

கதையில் சுலோசனா என்று ஒருத்தி. மலைமேல் ஒரு பங்களாவில் கணவனோடு இருக்கிறாள். அவள் வைத்த சாவி காணாமல் போய் அரிசிப் பானையில் கிடைக்கிறது. மூக்குக் கண்ணாடி கிணற்றுச் சுவரில் இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் கணவன் கோபப்படாமல், "நீதானே வைத்தாய்" என்கிறான். அவளுக்குப் புத்தி பேதலிக்கிறதா, யாராவது பேதலிக்க வைக்கிறார்களா என்ற கேள்வியில்தான் ஆசிரியர் ஒவ்வொரு வாரமும் தொடரும் போடுவார்.

வேலம்மா கதைக்குள் புகுந்து சண்டை போடுவாள். "அந்தச் சமையக்காரி மூஞ்சியே சரியில்ல லா, அவளப் புடிச்சுக் கேளுங்க!" என்பாள். நீலாவதி ஒன்றும் பேசமாட்டாள். கதவருகே உட்கார்ந்து கேட்டுவிட்டுப் போய்விடுவாள். தோட்டத்து லோரி டிரைவர் முருகையாவின் மனைவி. கொழுந்து பறிக்கும்போது செடிகளுக்கு மேலே அவள் தலைத்துண்டு மட்டும்தான் தெரியும் என்று கேலி செய்வார்கள். அவ்வளவு குட்டை.

கதை முடிய இரண்டு வாரம் இருந்தபோது நவம்பர் மழையில் தாப்பா சாலையில் மண் சரிந்தது. பஸ் நின்றது. பத்திரிகையும் வரவில்லை. முதல் ஞாயிறு கையை விரித்தேன். இரண்டாவது ஞாயிறு வேலம்மா எழுந்து நின்றாள்.

"பத்திரிக வரலன்னா கிராணியாருக்குக் கத தெரியாதோ? ராவும் பகலும் கட்டுக் கட்டா இங்லீசு புஸ்தகம் படிக்கிறாரு. எல்லாம் படம் பாக்கத்தான் போலருக்கு!"

எல்லோரும் சிரித்தார்கள். நீலாவதிகூடச் சிரித்தாள் என்று நினைவு.

மூன்றாவது ஞாயிறு இரண்டு பழைய இதழ்களை எடுத்துக்கொண்டு போனேன். மண்சரிவைத் தாண்டி நடந்து வந்த ஆள் கொண்டுவந்தான், இரண்டு இதழையும் சேர்த்தே படிக்கிறேன் என்றேன். கையில் பிரித்து வைத்திருந்த பக்கத்தில் ஒரு கூந்தல் தைல விளம்பரம். முழங்கால் வரை முடி வளர்ந்த ஒருத்தி முதுகைக் காட்டி நின்றாள். அவளைப் பார்த்தபடியே முக்கால் மணி நேரம் வாசித்தேன். நடுவில் பக்கம்கூடப் புரட்டினேன்.

கணவன்தான் வில்லன் என்பது யாரும் ஊகிக்கக்கூடியது. நான் படித்த ஆங்கில நாவல்களின் கர்வத்தில் அதைவிட ஆழமானதாக ஒன்று செய்ய நினைத்தேன். அதனால் என் முடிவில் யாரும் ஒன்றும் செய்யவில்லை. சுலோசனாவே தன்னை அறியாமல் எழுந்து போய்ப் பொருள்களை ஒளித்து வைத்திருக்கிறாள். கணவன் உத்தமன். ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போகிறான். அவள் குணமாகித் திரும்பி வருகிறாள்.

வேலம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம் அந்த மனுசன், எவ்ளோ பொறுத்துப் போயிருக்கான்" என்றாள். அன்று சாயங்காலம் முழுக்க எனக்கு உடம்பு லேசாக இருந்தது.

எல்லோரும் போன பிறகும் நீலாவதி கதவருகிலேயே நின்றாள்.

"ஐயா, ஒரு ஆளு தனக்கே தெரியாம சாமான ஒளிச்சு வைக்க முடியுங்களா?"

"முடியும். கதையில வந்துச்சே."

"பத்திரிகையில போட்டிருக்காங்களா?"

"போட்டிருக்கு." மூடி வைத்திருந்த இதழைத் தூக்கிக் காட்டினேன். அவளுக்குப் படிக்கத் தெரியாது.

அவள் வீட்டிலும் மூன்று மாதமாகப் பொருள்கள் காணாமல் போய்க்கொண்டிருந்தன. சீப்பு, உப்பு ஜாடி, சாவிக்கொத்து. லயமே அறிந்த விஷயம். பெண்டாட்டிக்கு மூளை சரியில்லை என்று முருகையா ஆபீசிலேயே வந்து சொல்லிக்கொண்டிருந்தான். நான் எடுக்கவில்லை, நான் எடுக்கவில்லை என்று அவள் ஒருத்திதான் சாதித்து வந்தாள். எனக்கும் தெரியும். தெரிந்துதான் இதழைத் தூக்கிக் காட்டினேன். கதை வேறு, அவள் வீடு வேறு என்று அப்போது எனக்குச் சமாதானம் இருந்தது.

"அப்படின்னா நாந்தான் போலருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அதன் பிறகு அவள் மறுக்கவில்லை. பத்து நாளில் ஈப்போ பக்கத்து மனநோய் ஆஸ்பத்திரிக்குப் போனாள். துணி மூட்டையை மடியில் வைத்துக்கொண்டு புருஷனின் லோரியில் முன் சீட்டில் அவளாகவே ஏறி உட்கார்ந்தாள். அவனுக்கு அன்றைக்கு லீவு எழுதிக் கொடுத்தது நான்தான். நாலு மாதத்தில் மேல் லயத்துச் சரோஜா அந்த வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். அப்புறம் முருகையாவும் அவளும் கம்போங் ராஜா பக்கம் போய்விட்டார்கள்.

சாலை திறந்ததும் சலீம் ஆள் விட்டிருந்தார். பத்திரிகைக் கட்டு நனைந்து வந்திருக்கிறது, கடைசி இரண்டு இதழ் வேண்டுமா என்று கேட்டார். கதை முடிந்துவிட்டது, வேண்டாம் என்று சொல்லியனுப்பினேன். அதைக் கொண்டு மீன் மடித்திருப்பார்கள்.

1979இல் லயத்துக்குக் கூரைத் தகரம் மாற்றினோம். முருகையா இருந்த வீட்டின் மேல்கூரைப் பலகைக்கு உள்ளேயிருந்து தச்சர் ஆண்டியப்பன் ஒரு மூட்டையை இறக்கினார். லோரி துடைக்கிற துணியில் கட்டிய மூட்டை. உள்ளே சீப்பு, உப்பு ஜாடி, சாவிக்கொத்து. கூடி நின்றவர்கள் சிரித்தார்கள்.

"பைத்தியம் புடிச்சா குட்டச்சிக்கும் வானம் எட்டும் போல லா!"

ஆண்டியப்பன் சிரிக்கவில்லை. "ஏணி இல்லாம ஏற முடியாது. ஏணி ஸ்டோர்ல இருக்கு. சாவி கிராணியார்கிட்ட. வாங்கிட்டுப் போறதெல்லாம் டிரைவருங்கதான்" என்று என்னைப் பார்த்தார்.

எனக்கு ஆபீசில் வேலை இருந்தது. போய்விட்டேன்.

நீலாவதி இரண்டு வருடத்தில் ஆஸ்பத்திரியிலிருந்து வந்து கியா பார்ம் என்கிற ஊரில் ஒரு காய்கறிக் கொல்லையில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். பக்கத்து அறையில் வேலம்மா. தோட்ட வேலையை விட்டு அவளும் அங்கே போயிருந்தாள். "நல்லாத்தான் இருக்கா. கதவ மட்டும் அவ பூட்டுனா நம்ப மாட்டா. நாந்தான் வந்து இழுத்துப் பாக்கணும். அடுப்ப அணைச்சேனா அக்கான்னு வேலைக்காட்டுலேர்ந்து ஓடியாருவா" என்று ஒருமுறை வேலம்மா சந்தையில் சொன்னாள்.

அந்த ஞாயிறு சலீம் கடைக்குள் நுழைந்தபோது முன் பெஞ்சில் அவர்கள் இருவரும் உட்கார்ந்திருந்தார்கள். நான் கடைசியில், அரிசி மூட்டைக்குப் பக்கத்தில் இடம் பிடித்தேன்.

டேப் தேய்ந்திருந்தது. திரையில் வெள்ளைக் கோடுகள் ஓடின. நடிகையின் சேலைச் சிவப்பு அவள் முகத்துக்குப் பரவியது. பாதிப் படத்தில் மழை பிடித்து, தகரத்தின் சத்தத்தில் வசனம் கேட்கவில்லை. சலீம் ஒலியைக் கூட்டினார். கதை அப்படியே நான் படித்த கதைதான். அரிசிப் பானையில் சாவி, கிணற்றுச் சுவரில் கண்ணாடி.

கடைசிக் கால் மணி நேரத்தில் ஒருவன் விளக்கோடு பரணில் ஏறுகிறான். முகம் தெரியவில்லை. கையில் சுலோசனாவின் வளையல் இருக்கிறது. திரும்புகிறான். கணவன்.

கடையே கத்தியது. "டேய் பாவி!" "மிதிங்கடா அவன!" யாரோ டிவியை நோக்கிச் செருப்பைத் தூக்க, சலீம் பாய்ந்து வந்து மறித்தார். "சேதப்படுத்தாதீங்க லா, தவணையில வாங்குனது!"

நான் நீலாவதியின் பின்னங்கழுத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். அது அசையவில்லை. அவள் எதிரே தே ஆடை கட்டிப்போயிருந்தது.

படம் முடிந்து விளக்குப் போட்டதும் வேலம்மா திரும்பி என்னைக் கண்டுபிடித்துவிட்டாள்.

"கிராணியாரே! நீங்க படிச்சப்ப புருசன் தங்கமான ஆளுல்ல? இங்க வில்லனாக்கிட்டானுங்க!"

"சினிமாக்காரன் மாத்துவான் லா. சண்ட இல்லாட்டி எவன் பாப்பான்?" என்றார் சலீம்.

நீலாவதி எழுந்து நின்று என்னைப் பார்த்தாள். கடையில் முப்பது பேர் இருந்தார்கள்.

"மாத்திட்டாங்களா ஐயா?"

பத்திரிகை வரவே இல்லை என்று சொல்லியிருக்கலாம். மூன்றே வார்த்தை.

"மாத்திட்டாங்க. படத்துக்காக" என்றேன்.

"அதானே" என்றாள். ஆறிய தேயை ஆடையோடு ஒரே மூச்சில் குடித்துவிட்டு வேலம்மாவின் பின்னால் மழையில் போனாள்.

புத்தகமாக வந்திருந்த அந்தத் தொடர்கதையை சலீம் மூலம் வரவழைக்க மூன்று வாரம் ஆனது. பஸ் நிறுத்தத்தில் நின்றபடியே கடைசி அத்தியாயங்களைப் படித்தேன். படத்தில் வந்ததுதான். ஒரு வரிகூட மாற்றியிருக்கவில்லை.

அடுத்த ஞாயிறு கியா பார்முக்குப் போனேன். வேலம்மா சந்தைக்குப் போயிருந்தாள். நீலாவதி வாசலில் உட்கார்ந்து முட்டைக்கோசில் முற்றிய இலையை உரித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டிருந்தாள். நின்றுகொண்டே சொன்னேன். பத்திரிகை வராதது, பழைய இதழ், கூந்தல் தைல விளம்பரம், ஆண்டியப்பன் இறக்கிய மூட்டை, ஏணி, சலீம் கடையில் சொன்னது. அவள் கை நிற்கவில்லை. நான் முடித்த பிறகு ஒரு கோசை அடுக்கிவிட்டுக் கையைத் துடைத்தாள்.

"புஸ்தகம் கொண்டாந்திருக்கீங்களா?"

"இருக்கு."

"படிங்க."

பெட்டியைக் கவிழ்த்து உட்கார்ந்து படித்தேன். ஒவ்வொரு வரிக்கும் அடியில் விரலை ஓட்டிக்கொண்டே படித்தேன். அவள் குனிந்து விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். கணவன் பரணில் ஏறும் இடத்தில் என் கையைத் தடுத்தாள்.

"இந்த எடத்துல எழுத்து இருக்கா?"

"இருக்கு. இதோ."

அந்த வரியைத் தொட்டுப் பார்த்தாள். கோசு ஈரம் தாளில் பட்டது. மேலே படிக்கச் சொன்னாள். முடிந்தது.

"அந்த உப்பு ஜாடி என்னாச்சு?"

"யாரோ எடுத்துட்டுப் போயிட்டாங்க."

"அது எங்கம்மா குடுத்தது."

நான் மன்னிப்பு என்று ஆரம்பித்தேன். அவள் அதைக் கேட்டதாகத் தெரியவில்லை.

"ஆஸ்பத்திரில நெறைய பேர இழுத்துட்டுத்தான் வருவாங்க. நான் இல்ல. நானாத்தான் லோரில ஏறுனேன். பத்திரிகையில போட்டிருக்குன்னு நீங்க சொன்னதால ஏறுனேன். அந்த மனுசன் சொல்லி நான் என்னைக்கு நம்புனேன்? நீங்க படிச்சவரு."

புத்தகத்தை மூடி மடியில் வைத்துக்கொண்டேன்.

மறுநாள் சந்தைக்குக் காய் ஏற்ற, நாலு மணிக்கு அவள் கொல்லைக்கு ஆள் எடுக்கும் லோரி ரோட்டுக்கு வரும். முகம் கழுவித் தலைத்துண்டைக் கட்டிக்கொண்டாள். கதவைச் சாத்திப் பூட்டினாள். சாவியை முந்தானையில் முடிந்தாள். நான் அவளுக்கு நாலடி பின்னால் நடந்தேன். குழாயடி வரை போயிருப்போம். நின்றாள். வேலம்மாவின் கதவைப் பார்த்தாள். அது சாத்தியிருந்தது.

"ஐயா, பூட்டுனேன்ல?"

"பூட்டினே. நான் பாத்தேன்."

என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தாள். பிறகு தனியாகத் திரும்பிப் போய், பூட்டைத் தானே இழுத்துப் பார்த்தாள்.