காந்தன் பெயரில் எட்டு மாதம்

எட்டு மாதமாக அல்போன்சுக்குப் பெயர் காந்தன். ஞானஸ்நானமெல்லாம் ஒன்றும் நடக்கவில்லை. சட்டையில் குத்திய பெயர்ப்பட்டைதான் காரணம்.

காவல் வேலைக்கு நிற்க வேண்டுமென்றால் பயிற்சி முடிக்க வேண்டும், போலீஸ் விசாரணை முடிந்து அனுமதி அட்டையும் வர வேண்டும். பயிற்சியை முடித்தார். அட்டைதான் வந்தபாடில்லை. "அது வர்றப்ப வரட்டும் அங்கிள், இதப் போட்டுக்குங்க" என்று சூப்பர்வைசர் ஷங்கர், சொல்லாமல் கொள்ளாமல் வேலைக்கு வராமல் நின்றுபோன காந்தன் என்ற காவலாளியின் பட்டையை நீட்டினான். தப்புதான். தெரிந்தேதான் வாங்கிக்கொண்டார். புக்கிட் பெருவாங்கில் அவர் காவல் நிற்கும் தாமான் குடியிருப்பின் கேட்டுக்கு நேர் எதிரே டயாலிசிஸ் மையம். மனைவி பிரிஜிட் வாரம் மூன்று நாள் அங்கே போயாக வேண்டும். முடிந்ததும் கிறுகிறுத்து வருகிறவளைக் பொண்டோக் என்கிற காவலர் கூண்டில் உட்காரவைத்து, மைலோ கலக்கிக் கொடுத்து, தெளிந்த பிறகுதான் பஸ் ஏற்றிவிடுவார். வேறு யார் இருக்கிறார்கள் பார்த்துக்கொள்ள?

"காந்தன், பார்சல் வந்துச்சா?" என்றால் சட்டென்று திரும்புவார். கோயிலில் ஃபாதர் "அல்போன்ஸ்" என்று இரண்டு தடவை கூப்பிட வேண்டியிருந்தது. கர்மம்!

செவ்வாய்க்கிழமை ஷங்கர் அட்டையைக் கொண்டுவந்தான். சொந்தப் படம், சொந்தப் பெயர். அல்போன்ஸ் சிலுவை போட்டுக்கொண்டார்.

"அப்பாடா! இனிமே செக்கிங் வண்டியப் பாத்தா ஒளிய வேணாம்."

ஷங்கர் சிரிக்கவில்லை. "நாளையிலேர்ந்து உங்களுக்கு செர்காம்ல டூட்டி அங்கிள். தூரந்தான், எறா கிடங்கு."

"என்னது?"

"இங்க எல்லாருக்கும் நீங்க காந்தன். திடீர்னு அல்போன்ஸ்னு அட்டையோட நின்னா, இத்தன நாளா யார நிறுத்தி வச்சிருந்தீங்கன்னு தாமான் கமிட்டிக்காரங்க கம்பெனியப் புடிச்சிக்குவாங்க லா."

"அடப்பாவி! பொய்யா நின்னப்ப இருக்கவுட்ட, நெசமானதும் தொரத்துறியா? அவள யாரு பாப்பா?"

"ஆபீஸ் முடிவு அங்கிள். நான் என்ன செய்ய?"

எதிரே பிரிஜிட் கையில் பஞ்சை அழுத்திக்கொண்டு, சுவரைப் பிடித்தபடி வெளியே வந்தாள். அல்போன்ஸ் அட்டையை ஷங்கரின் சட்டைப் பையில் திணித்தார்.

"இத நீயே வச்சிக்க தம்பி. நான் காந்தனாவே இருந்துட்டுப் போறேன்."

ஷங்கர் தரையைப் பார்த்தான்.

"காந்தன் வேலைய விட்டுப் போயிட்டாருன்னு கமிட்டிக்குக் காலையிலயே லெட்டர் குடுத்தாச்சு, அங்கிள்."